முள்ளிக்கரை ரிவால்வர் இன்னும் ஆறவில்லை

முள்ளிக்கரை உப்பளத்து ஜனங்கள் துப்பாக்கியின் மேல் பானை வைத்து வெந்நீர் போட்டுக் குளித்தார்கள் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள், நம்பாதவர்கள் பச்சைத்தண்ணீரிலேயே குளித்துக்கொள்ளட்டும், அதனால் முள்ளிக்கரைக்கு ஒரு நட்டமும் இல்லை.

அந்தத் துப்பாக்கி கிடைத்தது தங்கபுஷ்பத்தின் பாத்தியில். தங்கபுஷ்பத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு உப்பு வார வந்தவள், காலையில் கண் விழிக்கும்போதே எதற்காவது கவலைப்பட்டுக்கொண்டு விழிக்கிறவள். மழை வந்தால் உப்பு கரைந்துவிடுமே என்று கவலை, மழை வராவிட்டால் குடிதண்ணீருக்கு எங்கே போவது என்று கவலை, இரண்டுமில்லாத நாளில் இன்றைக்கு என்ன கவலையை மறந்துவிட்டோம் என்று கவலை.

அவளுடைய பாத்தியில் வடகிழக்கு மூலை மட்டும் ஒரு தினுசாக இருந்தது. மற்ற இடமெல்லாம் உப்பு விளையப் பத்து நாள் என்றால் அந்த மூலையில் எட்டே நாள். அவள் அப்பா இருந்த காலத்தில், "வெயிலுக்கு நம்ம மூலையைப் பிடிச்சுப்போச்சு" என்று சொல்லி அதை முடித்துவிட்டார். தை மாதத்தில் மழைத்தண்ணீரை இறைத்துவிட்டு, களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்துப் பாத்தியின் தரையைக் கெட்டிப்படுத்துகிற வேலையில் அவள் அந்த மூலைக்கு வந்தபோது உள்ளங்கால் சுட்டது. நகர்ந்து மிதித்தாள், சுடவில்லை. திரும்பி வந்து மிதித்தாள், சுட்டது. மண்வெட்டியால் ஒரு முழம் தோண்டினாள். ஒரு ரிவால்வர் கிடந்தது. ஆணியைப் போட்டால் இரண்டு மாதத்தில் தின்றுவிடுகிற அந்த உப்புமண்ணில், ஒரு பொட்டுத் துரு இல்லாமல், கறுப்பாக, இப்போதுதான் சுட்டுவிட்டுக் கீழே போட்டதைப் போல அனல் அடித்துக்கொண்டு கிடந்தது. பக்கத்து வீட்டில் நெருப்பு வாங்கி வருகிறவளைப் போல அதை மண்வெட்டியில் ஏந்திக்கொண்டு வரப்பு வழியே நடந்தாள். தடுக்கி விழுந்தால் வெடித்துவிடுமோ, பார்க்கிறவர்கள் திருடி என்பார்களோ, அடுப்பில் விட்டுவிட்டு வந்த மீன்குழம்பு அடிப்பிடித்திருக்குமோ என்று மூன்று கவலையையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டுக்கொண்டு நடந்தாள்.

முதலில் பார்த்தது பக்கத்து வீட்டு செல்வராணி. குனிந்து, உள்ளங்கையை மேலே காட்டி அனல் பார்த்தாள்.

"மைனி, இதுல வெந்நி போடலாமா?"

"உள்ள குண்டு இருந்து வெடிச்சா என்னளா செய்வ?"

"குளிச்ச பொறவு வெடிக்கட்டும். மூணு நாளா வெறகு நனைஞ்சு கெடக்கு, ஊதி ஊதிக் கண்ணு அவிஞ்சுபோச்சு."

அப்படித்தான் ஆரம்பித்தது. தங்கபுஷ்பத்தின் கொல்லையில் மூன்று செங்கல்லை முக்கோணமாக வைத்து, நடுவில் மணல் பரப்பி, மணலின் மேல் ரிவால்வரைக் கிடத்தினார்கள். ஒரு குடம் தண்ணீர் இட்டிலி வேகிற நேரத்துக்குள் கொதித்தது. இரண்டாவது நாள் நாலு குடம் வரிசையில் நின்றது, ஒரு வாரத்தில் வரிசைக்கு ஒரு முறையும் வந்துவிட்டது. விடிந்ததும் பிள்ளை பெற்றவர்களுக்கு வெந்நீர், அதற்குப் பிறகு அளத்துக்குப் போகிறவர்களுக்குக் கடுங்காப்பி, வெயில் ஏறியதும் ஈரத்தில் நமுத்துப்போன கருவாடும் அப்பளமும் அதைச் சுற்றிக் காய்ந்தன, சாயங்காலம் முட்டுவலிக்காரர்கள் மடித்த ஈரச் சாக்கில் சுற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்கள், ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் கோயில் துணியும் பள்ளிக்கூடத்துச் சட்டையும் அதன் கைப்பிடியில் ஈரத்துணி சுற்றிப் பிடித்துத் தேய்க்கப்பட்டன. சுட்ட குழலை வைத்துத் தேய்த்த சட்டையில் மடிப்பு ஒரு வாரம் நிற்கும் என்று பேர் வந்தது. உப்புத் தண்ணீரில் நின்று நின்று வெடித்த கால்களைக் காட்டி உட்கார்ந்தால் பித்தவெடிப்பு மூடியது. பூனைகள் அதன் பக்கத்தில் இடம் பிடிக்கச் சண்டை போட்டன. இது ஏன் சுடுகிறது என்று யாரும் கேட்கவில்லை, கடல் ஏன் உப்புக் கரிக்கிறது என்று கேட்டுக்கொண்டா உப்பு விளைவிக்கிறார்கள்.

தங்கபுஷ்பம் இரண்டே சட்டம் போட்டாள். குழந்தைகள் கிட்டே வரக்கூடாது. துப்பாக்கியின் குழல் எப்போதும் தெற்கே பார்த்துத்தான் இருக்க வேண்டும். தெற்கே பெரிய அளம் இருந்தது, பெரிய அளத்து வாசலில் அதன் பழைய முதலாளி ரத்தினசபாபதியின் சிலை இருந்தது. "எந்தப் பக்கமாச்சும் வெடிக்கத்தான் போகுதுன்னா அந்தப் பக்கம் வெடிக்கட்டும்" என்றாள். அது கவலையில் சொன்னதா வேறு எதிலாவது சொன்னதா என்று அவளுக்கே தெரியாது.

அந்தச் சிலைக்கும் அவள் வீட்டுக்கும் பழைய கதை ஒன்று உண்டு.

எழுபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு பங்குனி மாதத்தில், பெரிய அளத்துக் கூலிக்காரர்கள் குடிக்க நல்ல தண்ணீரும் ஒதுங்க ஒரு கூரையும் கேட்டு ஒரே காகிதத்தில் எல்லாரும் கைநாட்டு வைத்தார்கள். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தவர் தங்கபுஷ்பத்தின் பெரியப்பா சுடலைமுத்து. வரப்பில் வெடிச்சத்தம் கேட்டது. ஆளுக்கு ஒரு பக்கம் ஓடினார்கள். திரும்பி வந்து பார்த்தபோது நாலு பேர் கால்வாயில் கிடந்தார்கள். துப்பாக்கியே கிடையாது, ஓடின ஓட்டத்தில் விழுந்து மூழ்கினார்கள் என்று சர்க்கார் காகிதத்தில் எழுதினார்கள். அதை முள்ளிக்கரை நம்பவில்லை. ஆனால் சுடலைமுத்துவையும் காணோம், கைநாட்டுக் காகிதத்தையும் காணோம். அப்போது பன்னிரண்டு வயசில் அளத்தில் தண்ணீர் சுமந்த கோயில்பிள்ளை, சுடலைமுத்து புதுச்சட்டை போட்டுக்கொண்டு கொழும்புக்குத் தோணி ஏறியதைக் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னான். விலை போய்விட்டான் என்று ஊர் முடிவு செய்தது. அதை முள்ளிக்கரை நம்பிவிட்டது.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்குப் பேர் கப்பலேறி வீடு. ஒவ்வொரு பங்குனியிலும் அந்த நாள் வரும்போது ஊரே வரப்பில் கூடி, வீட்டுக்கு ஒரு பனையோலைக் கடகத்தில் உப்பு சுமந்து போய், நாலு பேருக்கு நாலு குவியல் போடுவார்கள். அதற்கு ஓலை மூட மாட்டார்கள், அதிலிருந்து ஒரு கல் உப்பு எடுக்க மாட்டார்கள், மழை வந்து தானாகக் கரைக்கிற வரைக்கும் அது அங்கேயே நிற்கும். அந்தக் குவியலில் கப்பலேறி வீட்டுக் கடகம் மட்டும் கவிழ்ந்ததில்லை. தங்கபுஷ்பத்தின் அப்பா கேட்டுப் பார்த்தார், செத்தும் போனார். அவள் கேட்கவே இல்லை. நடக்கத் தெரிந்ததிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் வேலியோரமாக நின்று மற்றவர்கள் தலையில் உப்பு போவதைப் பார்த்தாள். இத்தனைக்கும் தினமும் அவள் தலையில் போவதும் உப்புதான்.

எண்பத்து நாலு வயதிலும் கோயில்பிள்ளை வாய் குறையவில்லை. வெந்நீர் வாங்க வந்து உட்கார்ந்தபடியே சொல்லுவார்.

"ஏளா, ஒங்க பெரியப்பன் கொழும்புலேருந்து அனுப்பின அடுப்பா இது?"

"ஆமா மாமா. ஒங்களுக்கு முதுகு தேச்சுவிடச் சொல்லி எழுதியிருக்காவ."

எல்லாரும் சிரிப்பார்கள். கோயில்பிள்ளை மட்டும் அந்த ரிவால்வருக்குப் பக்கத்தில் உட்கார மாட்டார், எவ்வளவு குளிரிலும் எட்டியே உட்காருவார். அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

துப்பாக்கிச் சேதி போலீஸ் வரைக்கும் போனது. ஒரு சப்-இன்ஸ்பெக்டர் இரண்டு காவலர்களோடு வந்தார். லைசென்ஸ் இல்லாத ஆயுதத்தை ஊர் நடுவில் வைத்துக் கருவாடு காயப்போடுவது குற்றம் என்றார், அவர் சொன்னதிலும் தப்பில்லை. கைப்பற்றுவதற்கு ஒரு முறை உண்டு, வெள்ளைத் துணியில் பொதிந்து, நூலால் கட்டி, முடிச்சில் அரக்கு வைத்து முத்திரை போட வேண்டும். வெள்ளைத் துணி பழுத்துக் கருகியது. சாக்கில் கட்டினார்கள், சாக்கு புகைந்தது. தகரப் பெட்டியில் வைத்து அரக்கு வைத்தார்கள், தகரமும் சுட்டது, அரக்கு பிடிக்காமல் சிவப்பாக வழிந்து தரையில் சொட்டியது. மூன்று குச்சி அரக்கு தீர்ந்தது. சப்-இன்ஸ்பெக்டர் வேர்வையைத் துடைத்தார், செல்வராணி அவருக்கு அதே துப்பாக்கியில் போட்ட கடுங்காப்பியைக் கொடுத்தாள், அவர் யோசித்துக்கொண்டே குடித்தார்.

"முத்திரை நிக்காத பொருளை நான் எடுத்துட்டுப் போக முடியாதும்மா. நாளைக்கு இது மாறிப்போச்சுன்னு ஒருத்தன் சொன்னா என் வேலை போயிரும்."

"அப்ப இங்கயே கெடக்கட்டும் சார். எனக்கு மட்டும் ஆசையா? இதை வச்சுக்கிட்டு எனக்குத் தூக்கமே வரல."

அவர் ஒரு காகிதம் எழுதினார்: சூடு ஆறும் வரை கண்டெடுத்தவர் பொறுப்பில் இருக்கும், ஆறியவுடன் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். கையெழுத்தும் தேதியும் போட்டார். தங்கபுஷ்பம் அதை எழுத்துக்கூட்டி இரண்டு தரம் படித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அரிசிப்பானைக்கு அடியில் வைத்தாள்.

பெரிய அளத்தை இப்போது நடத்துகிறவன் ரத்தினசபாபதியின் பேரன் ஹரிகரன். அவன் மறுநாளே மீன்பிடி துறைமுகத்திலிருந்து ஒரு லாரி நிறைய ஐஸ் கட்டி அனுப்பினான், ஊர் நலனுக்கு என்று சொல்லி. ஐஸ் குவியலுக்கு நடுவில் ரிவால்வரைப் புதைத்தார்கள். மத்தியானத்துக்குள் ஐஸ் தண்ணீராகி, தண்ணீர் வெந்நீராகி, வாய்க்கால் மாதிரி ஓடியது. ஊரில் இருந்த அத்தனை போர்வையும் அன்றைக்குத் துவைக்கப்பட்டன. முள்ளிக்கரை ஹரிகரனுக்கு நன்றி சொல்லி அனுப்பியது.

பிறகு அவனே வந்தான். கார் வரப்பு வரைக்கும்தான் வரும், மீதி தூரத்தை வெள்ளை பேன்ட்டில் சேறு படாமல் நடந்து வந்தான்.

"அக்கா, இது பழங்காலத்துச் சாமான். இதுக்கெல்லாம் பிரியப்பட்டு வாங்குறவங்க இருக்காங்க. மதுரையிலருந்து ஒருத்தரைக் கூட்டிட்டு வர்றேன், துப்பாக்கி பாக்குறதுல பேர் போனவர். என்ன வகை, எந்தக் காலம், என்ன பெறும்னு சொல்லிருவார். சட்டப்படி மாத்துறதை என் வக்கீல் பாத்துக்குவார். நல்ல விலைக்கு நானே எடுத்துக்கிறேன்."

தங்கபுஷ்பத்துக்கு விலை பெரிசாகப் படவில்லை. ஆனால் இரண்டு மாதமாக, அதற்குள் குண்டு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் அவள் தவித்துக்கொண்டிருந்தாள். ஒருத்தர் வந்து அதைத் திறந்து பார்த்துச் சொன்னால் ஒரு கவலையாவது குறையும்.

"வரச் சொல்லுங்க. ஆனா ஊரு முன்னால வச்சுத்தான் பாக்கணும்."

அதனால் பங்குனி பிறந்து பத்தாவது நாள் காலையில், உப்புச் சங்கத்துக் கொட்டகையில், ஊர் மொத்தமும் உட்கார்ந்திருக்க, காஜா மைதீன் என்கிற அந்த மனிதர் வந்தார். அறுபது வயது, ஒல்லி, மூக்கில் பெரிய கண்ணாடி. லைசென்ஸ் கடையில் முப்பது வருஷம் துப்பாக்கி பழுது பார்த்தவர். எல்லாரும் வெந்நீர் போட்டார்கள், தேய்த்தார்கள், காயவைத்தார்கள், ஆனால் அவர்தான் முதன்முதலாக அதை ஒரு துப்பாக்கியாகப் பார்த்தார். கொல்லன் பட்டறையிலிருந்து வாங்கிவந்த கொறட்டால் பிடித்து, கையில் தோல் உறை மேல் தோல் உறை போட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, வைத்தியர் காய்ச்சல்காரனைத் தொடுவதுபோலத் தொட்டார்.

"எழுத்து மங்கியிருக்கு. சாக்கட்டி தேச்சா தெரியும், கொண்டுவர மறந்துட்டேன். கொஞ்சம் பொடி உப்பு குடுங்க தங்கச்சி."

உப்பைத் தூவி விரலால் தேய்த்து ஊதினார். மேலே இருந்தது பறந்துபோக, வெட்டின கோட்டுக்குள் தங்கின உப்பு வெள்ளையாக எழுத்தைக் காட்டியது.

"இங்கிலாந்துல செஞ்சது. முதல் உலக யுத்தத்துக்கு முந்தினது. ஆறு குண்டு போடுறது. பாருங்க, குழல்ல ஒரு நம்பர், உருளையில ஒரு நம்பர், உடம்புல ஒரு நம்பர். மூணும் ஒண்ணு. அப்படின்னா பாகம் எதையும் மாத்தல, பொறந்தப்போ எப்படியோ அப்படியே இருக்கு. இதுக்கே விலை ஏறும். கைப்பிடிக்கு அடியில வளையம் இருக்கா, கயிறு கட்டித் தோள்ல மாட்டிக்குவாங்க. வளையத்துக்குப் பக்கத்துல சொந்தக்காரர் ஏதோ வெட்டி வச்சிருக்கார்."

இன்னும் கொஞ்சம் உப்பைத் தேய்த்தார். ர. ச. என்று வந்தது. அதன் கீழே, பெரிய அளத்து மூட்டைகளில் எழுபது வருஷமாக அச்சடிக்கிற அதே சங்கு.

எல்லாரும் ஹரிகரனைப் பார்த்தார்கள். அவன் கைபேசியைப் பார்த்தான்.

"எங்க தாத்தாகிட்ட ஒண்ணு இருந்து காணாமப் போயிருக்கலாம். காணாமப் போறது தப்பா? பாய், விலையை மட்டும் சொல்லுங்க."

"உள்ள பாக்காம விலை சொல்ல மாட்டேன் தம்பி" என்றார் காஜா மைதீன். பின்னால் இருந்த தாழை விரலால் தள்ளி, குழலைக் கீழ்நோக்கி மடித்தார். துப்பாக்கி முதுகு முறிந்ததைப் போலத் திறந்துகொண்டது, உருளைக்குள் இருந்ததெல்லாம் மேலே எழும்பி அவர் விரித்திருந்த கோணியில் விழுந்தது. ஆறு உருண்டன. கோணி ஆறு இடத்தில் புகைந்தது. அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இது காலிக் குப்பி. சுட்டது. இதுவும் சுட்டது. மூணு. நாலு." கொஞ்சம் நிறுத்தினார். "அஞ்சு."

"நாலுதான பாய்" என்றாள் செல்வராணி. "நாலு பேருதான செத்தாவ."

"எத்தனை பேர்னு எனக்குத் தெரியாதும்மா. அஞ்சு சுட்டிருக்கு."

தங்கபுஷ்பத்தின் காதில் கடல் சத்தம் மட்டும் கேட்டது. எழுந்து நின்றாள். அவள் கூட்டத்தில் எழுந்து நின்று பேசினதே இல்லை.

"அஞ்சாவது யாருக்கு?"

பின்னாலிருந்து யாரோ, குறி தப்பிக்கூடப் போயிருக்கலாம், வெத்து ஆகாசத்தில் சுட்டிருக்கலாம் என்று இழுத்தார்கள். அதுவும் நியாயம்தான் என்று நாலைந்து தலை ஆடியது. எழுபத்திரண்டு வருஷம் சொன்ன ஒன்றை ஒரு காலிக் குப்பிக்காக மாற்றிக்கொள்ள மனுஷருக்கு அவ்வளவு சுலபமாக மனசு வருமா. தங்கபுஷ்பம், உட்கார்ந்தால் இனி எழுந்திருக்க மாட்டோம் என்கிற கவலையில் உட்காராமல் நின்றாள்.

காஜா மைதீன் ஆறாவதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்திருந்தார். அதில் மூக்கு இருந்தது. வெடிக்காத தோட்டா. இத்தனை சூட்டில், இத்தனை அப்பளத்துக்கும் காப்பிக்கும் நடுவில், அது வெடிக்காமல் இருந்திருக்கிறது. அவர் அதன் அடியைத் திருப்பினார்.

"ஆனா இதையும் அமுக்கியிருக்கார். அடியில குத்து விழுந்திருக்கு பாருங்க, மத்த அஞ்சுல உள்ள அதே குத்து. விசையை இழுத்திருக்கார், குதிரை விழுந்திருக்கு, மருந்து பத்தல. வெத்து ஆகாசத்துல சுடுறவன் ஆறாவதையும் அமுக்க மாட்டான். இதுக்கும் முன்னால ஒரு ஆள் நின்னிருக்கணும். டக்குனு ஒரு சத்தம் மட்டும் கேட்டிருக்கும் அந்த ஆளுக்கு."

கொட்டகையின் ஓரத்தில், எல்லாரையும்விட எட்டி உட்கார்ந்திருந்த கோயில்பிள்ளையின் கைத்தடி கீழே விழுந்தது.

"எனக்கு" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. அவர் எழப் பார்த்தார், முடியவில்லை, உட்கார்ந்தபடியே சொன்னார்.

"அது எனக்கு வச்சது. டக்குன்னுதான் கேட்டுச்சு. இன்னைக்கு வரைக்கும் கதவு தாழ்ப்பாள் போட்டாக்கூட எனக்கு மூத்திரம் வந்துரும்." அவர் தங்கபுஷ்பத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார். "எல்லாரும் ஓடுனாவ. ஒங்க பெரியப்பன் ஓடல. காயிதத்தை நீட்டிக்கிட்டே நின்னாரு. நான் தண்ணிக்குடத்தோட அவரு பின்னால நின்னேன். அஞ்சாவது அவருக்கு. ஆறாவது எனக்கு. அது வெடிக்கல. மொதலாளி கையைப் பொசுக்கிருச்சு அந்தச் சனியன், உதறி எறிஞ்சாரு ஒங்க பாத்தியில. பொறவு எங்கிட்ட வந்து, அவன் கொழும்புக்குத் தோணி ஏறினத நீ பாத்தல்லா, அப்படின்னாரு. பாத்தேன்னு சொன்னேன்."

"தோணி ஏறலயா அப்ப?" என்றாள் தங்கபுஷ்பம்.

"தோணியில போனது நெசந்தான் தாயி. படுத்துக்கிட்டுப் போனாரு. உப்புச் சாக்கு ரெண்டைக் கட்டி நடுக்கடல்ல எறக்கிட்டு வந்தாவ. புதுச்சட்டையும் நெசந்தான். பழைய சட்டையில ரத்தம்னு மாத்திவிட்டாவ."

ஊர் அப்போதுதான் இன்னொன்றையும் சேர்த்துப் பார்த்தது. பெரிய அளத்து வாசலில் நிற்கிற சிலையில் ரத்தினசபாபதியின் வலது கை கோட்டுப் பைக்குள் இருந்தது. படங்களிலும் அப்படித்தான். கல்யாணப் பந்தலில்கூட அவர் அந்தக் கையை வெளியே எடுத்ததில்லை, அது பெரிய மனுஷத் தோரணை என்று முள்ளிக்கரை இளவட்டங்கள் ஒரு காலத்தில் அதேபோலக் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு திரிந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் இப்போது கிழவர்களாகக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் தங்கள் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

ஹரிகரன் எழுந்தான்.

"வயசானவர் ஏதோ பேசுறார். பாய், நீங்க வந்த வேலையைப் பாருங்க. எவ்வளவு பெறும்?"

காஜா மைதீன் கையுறைகளைக் கழற்றி மடித்தார். "நல்ல நிலைமையில இருக்கிற இந்த வகைக்கு ஒரு விலை உண்டு. நம்பர் மூணும் ஒத்துப்போனா அது ரெண்டு மடங்கு. சொந்தக்காரர் யாருன்னு தெரிஞ்சா இன்னும் மேல. அதெல்லாம் எழுதித் தந்துருவேன். இந்த சூட்டுக்கு மட்டும் எனக்கு விலை போடத் தெரியல. நான் தொட்ட துப்பாக்கியெல்லாம் ஆறின பொறகு என்கிட்ட வந்தது."

"அவர் சொல்றதுல பத்து மடங்கு நான் தர்றேன்" என்றான் ஹரிகரன் தங்கபுஷ்பத்திடம். குரலைத் தாழ்த்தி, கிட்டே வந்து சொன்னான். "மாடி வீடு கட்டலாம்க்கா. இந்தச் சேத்துல கால் வைக்காம இருக்கலாம். அந்த ஆறு குப்பியும் சேத்துக் குடுத்துருங்க."

தங்கபுஷ்பத்துக்கு மாடி வீட்டின் படிகள் கண்ணில் தெரிந்தன, அதில் வழுக்கி விழுவதும் தெரிந்தது. பிறகு அது போய், காகிதத்தை நீட்டிக்கொண்டு ஓடாமல் நின்ற ஒரு மனிதர் தெரிந்தார். அவருடைய முகம் அவளுக்குத் தெரியாது. அதனால் அப்பாவின் முகத்தையே வைத்துக்கொண்டாள்.

"ஒங்க தாத்தா சிலைகிட்டப் போயி, கையை வெளிய எடுக்கச் சொல்லுங்க தம்பி" என்றாள். "எடுத்துக் காட்டட்டும். பொறவு வெல பேசுவோம்."

யாரோ ஒருத்தி சிரித்தாள், அந்தச் சிரிப்பு கொட்டகை முழுக்கப் பரவியது. ஹரிகரன் சேறு பார்க்காமல் நடந்து போனான்.

பங்குனி இருபத்தொன்று, அந்த நாள் வந்தது. விடியும்போதே கோயில்பிள்ளை ஒரு காலிக் கடகத்தோடு தங்கபுஷ்பத்தின் வாசலில் வந்து நின்றார்.

"ஒங்க பெரியப்பனுக்கு நான் போடட்டுமா தாயி?"

எழுபத்திரண்டு வருஷத்துக் கப்பலேறி வீட்டை ஒரு கடகம் உப்பில் கரைத்துவிட முடியாது என்று அவளுக்குத் தெரியும், பன்னிரண்டு வயசுப் பையனின் நெற்றிக்கு நேரே ஒரு குழல் நின்றதும் தெரியும். இரண்டையும் எடை போட்டுப் பார்த்தாள், முள் எந்தப் பக்கமும் நிற்கவில்லை.

"மொதக் கடகம் நான் போடுவேன். ரெண்டாவது நீங்க. ஆனா ஆளு வச்சுத் தூக்கக்கூடாது மாமா. ஒங்க தலையில வச்சு நீங்கதான் சுமக்கணும்."

அவர் சுமந்தார். வரப்பில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார், யாரும் கை கொடுக்கவில்லை, யாரும் முந்தியும் போகவில்லை, மொத்த ஊரும் அவர் நடைக்கு நடந்தது. முன்னால் தங்கபுஷ்பம் போனாள். அந்த வடகிழக்கு மூலையில் வாரிய உப்பு அவள் தலையில் இருந்தது. நாலு குவியலைத் தாண்டி, ஐந்தாவது இடத்தில், கடகத்தைக் கவிழ்த்தாள். உப்பு சரிந்த சத்தம் அவளுக்கு மட்டும் ரொம்ப நேரம் கேட்டது. அதன் பிறகு வீட்டுக்கு வீடு கொட்டினார்கள். இத்தனை வருஷமாக அவள் வேலியோரத்தில் நின்ற இடம் அன்றைக்குக் காலியாகக் கிடந்தது, ஒரு ஆடு வந்து அதில் படுத்துக்கொண்டது.

திரும்பி வரும்போது அவள் வீட்டு வாசலில் சப்-இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டிருந்தார். கையில் புது அரக்குக் குச்சி. தூரத்தில் ஹரிகரனின் கார்.

"சேதி கேள்விப்பட்டேம்மா. அஞ்சாவது ஆளுக்கும் உப்புப் போட்டாச்சு. இனி ஆறியிருக்கும்ல?"

அப்படித்தான் ஊரும் நினைத்தது. நினைத்ததோடு கொஞ்சம் வருத்தமும் பட்டது. காலையிலேயே செல்வராணி, "மைனி, நாளைக்கு வெறகு ஒடிக்கப் போகணும் போல" என்று பெருமூச்சு விட்டிருந்தாள். கோயில்பிள்ளை கண்ணை மூடி வாய்க்குள் ஜெபம் பண்ணினார், ஆறிவிட வேண்டும் என்றுதான் பண்ணினார். எல்லாரும் கொல்லையில் கிடந்த மூன்று செங்கல்லைச் சுற்றி நின்றார்கள். ரிவால்வர் மணலில் படுத்திருந்தது, எப்போதும்போலத் தெற்கே பார்த்து. அதன் பக்கத்தில் பூனை இல்லை.

தங்கபுஷ்பம் குனிந்தாள். ஆறியிருந்தால் என்ன செய்வது என்று ஒரு கவலை வந்தது, ஆறாமலிருந்தால் என்ன செய்வது என்று இன்னொன்று வந்தது, இரண்டுக்கும் நடுவில் கையிலிருந்த சொம்புத் தண்ணீரில் விரலை நனைத்துக் குழலின் மேல் உதறினாள்.

தண்ணீர் சீறிக்கொண்டு ஆவியாகப் போனது.

சப்-இன்ஸ்பெக்டர் நம்பாமல் அரக்குக் குச்சியை அதன்மேல் வைத்துப் பார்த்தார். அது உருகி அவர் பூட்ஸில் சொட்டியது. "ஏம்மா, எல்லாந்தான் தெரிஞ்சுபோச்சே" என்றார், கிட்டத்தட்டக் கெஞ்சுகிற குரலில்.

"எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு சார். ஒங்க சர்க்கார் காயிதத்துல துப்பாக்கியே கெடையாதுன்னு இன்னும் அப்படியேதான இருக்கு. வாசல்ல அந்த ஆளு கைய உள்ள வச்சுக்கிட்டு மாலை போட்டு நிக்காருல்லா. பொறவு எப்படி ஆறும்?"

அவள் உள்ளே போய் அரிசிப்பானைக்கு அடியிலிருந்து அந்த பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்து, அவர் எழுதின காகிதத்தை அவரிடமே நீட்டினாள். ஓடாமல் நின்று நீட்டினாள். சூடு ஆறும் வரை என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. அவர் படித்தார், மடித்தார், அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"காப்பி குடிச்சிட்டுப் போங்க சார்" என்றாள் தங்கபுஷ்பம். பானையைத் தூக்கிச் செங்கல்லின் மேல் வைத்தாள். வைக்கும்போது குழல் ஒரு நூல் விலகியிருப்பதைப் பார்த்து, முந்தானையை நனைத்துச் சுற்றிப் பிடித்து, தெற்கே சிலை நிற்கிற நேருக்குத் திருப்பிச் சரி செய்தாள். "கார்ல இருக்கிற தம்பியையும் காத்துக்கெடக்க வேண்டாம்னு சொல்லுங்க. ஆறினதும் நானே சொல்லி அனுப்புதேன்."